மச்சை கொடுத்தால் மண்வெட்டி பிடிக்கலாமா?

"எலும்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு மண்வெட்டி பிடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் எம்மிடையே உண்டு. இது சிரிப்பதற்குரிய கேள்வியல்ல. உடலுழைப்பை மட்டுமே முதலாகக் கொண்ட குடும்பம் வேறெப்படிக் கேட்கும்?

எலும்பு கழற்றப்படுவதில்லை. எலும்பினுள்ளே இரத்தக் கலங்களை உண்டாக்கும் மென்மையான பகுதியே மச்சை. கொடுப்பவரை மயக்கி, இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஊசியேற்றி அதில் ஒரு பங்கை உறிஞ்சி எடுக்கிறார்கள். சில நாட்கள் நோவு இருக்கும். சில வாரங்களில் எடுத்தது மீண்டும் ஊறிவிடும். 1958இல் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்கு, முன்பின் அறியாத பிரெஞ்சுக்காரர் சிலர் பாரிஸில் மச்சை கொடுத்தனர். அன்று வைத்தியர்களுக்கே இது புதிது.

பெரும்பாடு நோயாளிக்குத்தான். இரத்தப் புற்றுநோயோ கடும் தலசீமியாவோ உள்ளவரின் பழுதான மச்சையை முதலில் கடும் மருந்துகளால் அழிக்கிறார்கள். புதியது சேலைன் போல நாளத்தினூடாக ஏறித் தானாகவே எலும்பைச் சென்றடைகிறது. அது வேர்கொள்ளும் வரையான வாரங்களில் சிறு கிருமியும் உயிரைப் பறிக்கலாம். வந்த கலங்களே உடலைத் தாக்குவதும் உண்டு. இதை மறைத்து நம்பிக்கையூட்டுவதை நாம் விரும்பவில்லை.

இரத்த வகை ஒத்தால் போதாது, இழைய வகை பொருந்தவேண்டும். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. பொருந்தாத பிள்ளையை எவரும் குறைகூற வேண்டாம். பொருந்துபவர் தமிழ்நாட்டிலோ கனடாவிலோ இருக்கலாம். ஆகவே வைத்தியர் சகோதரரைப் பற்றிக் கேட்டால், "இங்கே ஒருவருமில்லை" என்று முடித்துவிடாமல் கடல் கடந்தவரின் பெயரையும் சொல்லுங்கள். முதற் பரிசோதனைக்குச் சிறிதளவு இரத்தம் போதும்.