டொக்டரானால் காணுமா?

அண்மையில் முள்ளிவாய்க்காலில் ஒரு பாராட்டு விழா. எம்.பி.பி.எஸ். முடித்த எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மருத்துவபீடத்தில் விரிவுரையாளராகி ஆராய்ச்சி செய்யப்போவதாக அவள் சொன்னதும் ஒரு பெரியவர் எழும்பினார்: “பிள்ளை, டொக்டரானது காணும். கலியாணத்தைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வேலையைச் செய். ஆராய்ச்சியைக் கொழும்பார் பார்ப்பினம்.” சனம் கைதட்டியது. எனக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

ராஜினி திராணகமவைத் தெரியாதா இவர்களுக்கு? இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். லிவர்பூலில் மேற்படிப்புப் படித்தவர், யுத்தம் நடந்த யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தார். அங்கே 1978இல் தொடங்கிய மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவராக இருந்தார். யுத்தத்தைப் பற்றிய ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் ஒருவர். பெண்ணுக்கு ஏலாது என்பவர்கள் ராஜினிக்குப் பதில் சொல்லட்டும்.

“அவவுக்கு என்ன நடந்தது, பார்” என்பார்கள். 1989 செப்டம்பர் 21இல், 35 வயதில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொன்றது துப்பாக்கி, விரிவுரையாளர் வேலையல்ல.

கொழும்பார் பார்ப்பார்களாம்! வன்னிச் சனத்தின் கூட்டு மனவடுவை 2010இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் யாழ். மருத்துவபீடத்தில் படிப்பித்த தயா சோமசுந்தரம். எங்கள் காயத்தை எங்களோடு இருந்தவர்தான் எழுதினார். 2009 யுத்தத்தில் பட்ட செல் துண்டுகளோடு இன்னும் நடமாடுகிற தாய்மார் இங்கே இருக்கிறார்கள். வார்ட்டில் நிற்கும் டொக்டர், ஒருத்தியின் வலிக்கு மருந்து கொடுப்பார். நூறு பேரின் வலியைக் கணக்கெடுத்து, காரணம் கண்டு எழுத யார் வருவார்? ஆம்பிளை டொக்டரிடம் சொல்லக் கூசுகிற வருத்தத்தை யார் கேட்டு எழுதுவார்? ராஜினி இருந்திருந்தால் எழுதியிருப்பார்.

இலங்கை மருத்துவபீடங்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். பட்டப்பின்படிப்புக்காக ஆண் லண்டன் போனால் “படிக்கப் போட்டார்” என்று பெருமை. பெண் போனால் “பிள்ளையை விட்டிட்டுப் போட்டாள்” என்று வசை. டொக்டர் மாப்பிள்ளைக்கு வீடும் காணியும் சீதனமாக எழுதிக் கொடுக்கிற ஊருக்கு, டொக்டர் பெண்ணின் படிப்புக்குக் கொடுக்க ஒரு சதமும் இல்லை. ராஜினி பிள்ளைகளையும் வளர்த்தார், மாணவரையும் வளர்த்தார்.

வரவேற்பு வளைவுக்கும் கோயில் தேருக்கும் காசு அனுப்புகிற வெளிநாட்டுச் சங்கங்களே, வன்னிப் பெண்ணொருத்தி கொழும்பில் தங்கிப் படிக்கிற காலத்து வாடகையையும், அவளின் குழந்தையைப் பார்க்கிறவரின் சம்பளத்தையும் இந்த வருசமே பொறுப்பெடுங்கள். பெற்றோரே, அவளின் மேற்படிப்பு முடியும்வரை புரோக்கரை வாசலில் ஏற்றாதீர்கள்.