ராத்திரி ரயிலில் ஒரு ஐஸ் பெட்டி

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராப்பயணம் செய்து பழகிய திருச்சி, ஸ்ரீரங்கம் சகோதரிகளே, இன்னொரு ராப்பயணத்தைக் கேளுங்கள். 1986-ம் வருஷம். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, கணவரோடு காட்பாடிக்கு ரயில் ஏறினார். கையில் ஐஸ் பெட்டி. அதற்குள் 80 பெண்களின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம்.

எய்ட்ஸ் நம் நாட்டுக்கு வராது என்று பலரும் நம்பிய காலம் அது. தேடிப் பார்க்கச் சொன்னவர் பேராசிரியை சுநீதி சாலமன். விலைமாதர் என்று பிடித்து வைக்கப்பட்ட பெண்கள் இருந்த இல்லத்துக்கு நிர்மலா கணவரின் ஸ்கூட்டரில் போவார். கையுறைகூடக் கிடையாது. சீரத்தைப் பத்திரப்படுத்தியது வீட்டு ஃபிரிட்ஜில். நாம் மோர்ப் பாத்திரம் வைக்கும் இடந்தான்!

எதற்காக ரத்தம் எடுக்கிறார் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. இன்றைக்கு அதை ஒப்பமாட்டார்கள். எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

வேலூர் ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். தேடியது கிருமியை அல்ல. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது இருந்தால் நிறம் மஞ்சளாகும். ஆறு மஞ்சளாயின! அமெரிக்காவில் செய்த சோதனையும் அதை உறுதிப்படுத்திற்று.

சுநீதி அம்மாள் 1993-ல் இந்நோயாளிகளுக்காக ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தைத் தொடங்கினார், 2015-ல் காலமானார். நிர்மலாவின் பெயரோ வெகுநாள் வரை அதிகம் பேருக்குத் தெரியவில்லை.