வலையமைப்பு வரைபடத்தை யார் வாசிப்பது?

சென்ற பருவத்தில் எங்கள் துறையின் வலையமைப்பு ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றினேன். பார்வைக் குறைபாடுடைய முதுநிலை மாணவர் ஒருவருக்குப் பாக்கெட் டிரேசர் பயிற்சிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சலுகை என்றே அதற்குப் பெயர். அவர் அதைக் கேட்கவில்லை. ரவுட்டரும் சுவிட்சும் படங்களாக நிற்கின்றன; இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதைப் பச்சையும் சிவப்பும் சொல்கின்றன; பொதி ஓர் உறையாக நகர்ந்து செல்கிறது. அத்தகைய சிமுலேட்டரில் திரைவாசிப்பானை நம்பியிருப்பவர் என்ன செய்ய முடியும்?

இத்தகைய வலையமைப்புகளை வாசித்துச் சொற்களில் விவரிக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இப்போது வரத் தொடங்கியுள்ளன. 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வெளியானபின் முகவரை வெளிக்கருவிகளோடு இணைப்பது எளிதாகிவிட்டது. இவற்றை ஆய்வகத்துக்குள் அனுமதிக்கலாகாது என்பது பேராசிரியர்கள் சிலரின் கருத்து. எனக்கு அதில் பாதி உடன்பாடு. மறுபாதியில் கடும் மறுப்பு.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தமிழில் சொற்களை இடம் மாற்றினாலும் யார் யாரை அழைத்தார் என்பது மாறுவதில்லை. வேற்றுமை உருபு அதைக் காத்து நிற்கிறது. வலையமைப்பு வரைபடமும் அத்தகையதே. ரவுட்டரைத் திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு இழுத்துவிட்டால் எதுவும் மாறாது. எந்த இடைமுகம் எந்த இடைமுகத்தோடு இணைகிறது, அதன் முகவரி என்ன என்பனவே இங்கு உருபுகள். ஆகவே படத்தை வாசிக்கும் முகவர் வேறு, கோப்பின் கட்டமைப்பை வாசிக்கும் முகவர் வேறு. மாணவி ஒருவர் திரைப்பிடிப்பை ஒரு முகவரிடம் கொடுத்தார். ரவுட்டரின் அருகே யாரோ தட்டச்சு செய்திருந்த குறிப்பில் 10.0.0.2 என்றிருந்தது, உண்மையில் இடைமுகத்துக்கு இடப்பட்டிருந்ததோ 10.0.0.6. முகவர் குறிப்பையே நம்பியது. பெயர்ப்பலகையைப் பொருளென்று கொள்ளும் இந்தப் பிழையைப் பற்றிக் குறியியல் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாம்!

இங்கே கோப்பு வடிவம் முக்கியமாகிறது. ஜிஎன்எஸ்3 தன் திட்டக் கோப்பை ஜேசான் உரையாகவே சேமிக்கிறது. கன்டெய்னர்லேப் யாமல் உரையைப் பயன்படுத்துகிறது. மனிதரும் வாசிக்கலாம், கருவியும் வாசிக்கலாம், திரைவாசிப்பானும் வாசிக்கலாம். பாக்கெட் டிரேசரின் கோப்போ மறையாக்கம் செய்யப்பட்டது. உரைத்திருத்தியில் திறந்தால் ஒன்றும் விளங்காது. நம் பாடத்திட்டங்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

இனி, உடன்படும் பாதி. இரண்டு ரவுட்டர்கள், இடப்புறம் 192.168.1.0, வலப்புறம் 192.168.2.0. இடப்புற ரவுட்டருக்கு வலப்புறம் செல்லும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. வலப்புற ரவுட்டருக்குத் திரும்பும் வழி சொல்லப்படவில்லை. விளக்குகள் அனைத்தும் பச்சை. ஆயினும் பிங் தோற்கிறது. பொதி போய்ச் சேர்கிறது. அதன் பதில்தான் வலப்புற ரவுட்டரிலேயே கைவிடப்படுகிறது. அமைவு உரையை வாசிக்கும் முகவர் இதை நொடிகளில் சுட்டிக்காட்டிவிடக்கூடும். ஆனால் போவதற்கு ஒரு வழி போதாது, வருவதற்கும் வழி வேண்டும் என்ற அறிவு, மாணவர் அரை மணி நேரம் திணறி அந்த உறை எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்கும்போதுதான் வேர்கொள்கிறது. அந்தத் திணறலை முகவரிடம் ஒப்படைப்பதை நான் ஏற்கவில்லை.

விவரிப்பதும் காரணம் கண்டறிவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதை முகவர் செய்யட்டும்: எந்தக் கருவிகள், எந்த இணைப்புகள், எந்த முகவரிகள், எந்த வழிகள். கோப்பின் எந்த வரியிலிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். எதையும் மாற்றும் உரிமை அதற்கு வேண்டாம். பொதி போகும் வழியையும் திரும்பும் வழியையும் மாணவர் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும், மதிப்பெண் அதற்கே. பார்வையுள்ள மாணவருக்கும் இதே விதி. முழுமையான தடை பார்வையுள்ளவரிடம் எதையும் பறிக்கப்போவதில்லை. அவருக்கு வரைபடம் எஞ்சியிருக்கிறது. பார்வையற்றவருக்கு எஞ்சுவது விலக்கு மட்டுமே.

அடுத்த பருவத்துக்கு இரண்டு பயிற்சிகளை உரைக்கோப்புகளாக மாற்றித் தந்திருக்கிறேன். அந்த மாணவரின் விலக்கை நீக்கி அவரை ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும் என்ற விண்ணப்பத்தில் அவரும் கையொப்பமிட்டிருக்கிறார். துறையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வேறு பல்கலைக்கழகங்களில் இதை முயன்றவர்கள் இருப்பின், மதிப்பெண் பங்கீட்டை எவ்வாறு வகுத்தீர்கள் என்பதைக் கீழே பகிர வேண்டுகிறேன்.