இலை மடிக்கும் அந்து

சென்ற கிழமை என் வகுப்பு மாணவன் ஒருவன் மேசைமீது இரண்டு தேயிலை இலைகளை வைத்தான். பட்டு நூலால் அவை ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருந்தன. பிரித்துப் பார்த்தோம். உள்ளிருந்த பச்சைப் புழு நெளிந்து பின்னோக்கி விரைந்தது. "ஐயா, கொழுந்து பறிக்கும் என் அம்மா இதைச் சுருட்டுப்புழு என்கிறார். நூலில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டான். "பெயரை அறிந்து என்ன பயன்?" என்று பின்வாங்கில் ஒரு குரல் எழுந்தது. இரண்டும் நல்ல வினாக்களே. அவற்றுக்கு விடை காண்போம்.

அப்புழு வளர்ந்து ஒரு சிறிய பழுப்பு நிற அந்துப்பூச்சியாகும். சிறகை மடித்து இலையில் அமர்ந்திருக்கையில் அது கோயில் மணியின் வடிவாய்த் தோன்றும். பெண் அந்து முற்றிய இலையின்மேல் ஓடு வேய்ந்தாற்போல் முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கி வைக்கும். நூலோர் இதற்கு வழங்கும் பெயர் ஹொமோனா கொஃபியாரியா என்பது. முன்னது சாதிப்பெயர்; பின்னது இனப்பெயர்.

தேயிலைப் பூச்சிக்குக் கோப்பியின் பெயர் ஏன்? 1861 ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றி நூல் எழுதிய நீட்னர் என்பாரே இதற்கு முதலில் பெயரிட்டார். அந்நாளில் நம் மலைகளில் கோப்பியே ஆட்சி செய்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி பின்னர் அழிந்தது. மலைகளில் தேயிலை பரந்தது. அந்தும் புதிய செடிக்குக் குடிபெயர்ந்தது. பழைய பயிரின் நினைவு மட்டும் பெயரிலே தங்கிவிட்டது.

சிற்றந்துகளை இனம் பிரிப்பது எளிதன்று. பல இனங்கள் ஒரே பழுப்பு நிறத்தின. சில அரிசிமணியினும் சிறியன. இங்கிலாந்தில் பாடசாலை ஆசிரியராயிருந்த எட்வர்ட் மெய்ரிக், இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த அந்துகளின் சிறகு நரம்புகளைக் கைவில்லையால் ஆராய்ந்து, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் சூட்டினார். பின்வந்த அறிஞர் நரம்பு மட்டும் போதாதென்று கண்டு, இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பையும் நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டனர். அவர்களுள் ஒருவர் தியாகனொஃப். யப்பானியத் தேயிலையில் வாழும் சுருட்டுப்புழுவும் நம் இனமே என்று முன்னர் எண்ணியிருந்தனர். அவர் 1948 இல் விவரித்த ஹொமோனா மக்னானிமா என்னும் வேறோர் இனமே அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இலங்கையின் சிற்றந்துகளைப் பற்றியும் அவர் 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார்.

இனி, இரண்டாம் மாணவனுக்கு விடை. இப்புழுவினால் தோட்டங்கள் பெருநட்டமுற்ற காலத்தில், முட்டைக் குவியல்களைக் கையாற் பொறுக்கி அழிக்கவும் முயன்றனர். ஒரு மலையில் எத்தனை இலையைத்தான் புரட்டிப் பார்ப்பது? பூச்சியின் பெயர் உறுதியாயிருந்தமையால், அது வேறெங்கு வாழ்கிறது, அங்கு அதை அடக்குவது எது என்று தேட முடிந்தது. மணிமேகலை சாவகம் எனக் குறிக்கும் ஜாவாவில், இப்புழுவின் உடலில் முட்டையிடும் ஒரு நுண்ணிய குளவி உண்டு. 1935-36 ஆம் ஆண்டுகளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் அதனை இங்குக் கொணர்ந்து விட்டனர். குளவி என்றதும் நம் தோட்டத்து அன்னையர் அஞ்சுவர். அவர்களது அச்சத்துக்குக் காரணமும் உண்டு. இதுவோ மனிதரைத் தீண்டாதது. இதன் குஞ்சு புழுவை உள்ளிருந்தே உண்டு தீர்க்கும். சில ஆண்டுகளில் சுருட்டுப்புழுவின் கொட்டம் அடங்கிற்று. மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்னும் அக்குளவியின் பெயரிலேயே அதன் இரையின் பெயரும் அமைந்திருத்தல் காண்க.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 1950 களில், தண்டைத் துளைக்கும் சிறுவண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். அது நட்புக் குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகியது. நண்பன் யார், பகைவன் யார் என்று பிரித்தறியாது வீசிய வாளுக்கு இருவரும் இரையாதல் இயல்பன்றோ?

மாணவர்களே! விளக்கொளியை நாடி லயத்துச் சுவருக்கு வரும் அந்துகளைக் கவனியுங்கள். கண்ட இடம், நாள், செடி, நிலத்தின் உயரம் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். கினிகத்தேனையில் காண்பது நுவரெலியாவின் குளிரிலும் வாழ்கிறதா என்பதை அத்தகைய குறிப்புகளைக் கொண்டே அறிதல் கூடும். இடமும் நாளும் குறிக்கப்படாத பூச்சி, முகவரியற்ற கடிதம் போன்றது.

அன்று மாணவனிடம் பெயரை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஐயா. 'இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு நீண்ட பெயரா?' என்று கேட்டார்" என்றான். அந்த நீண்ட பெயரே கடல் கடந்த ஒரு துணையைத் தேடித் தந்தது என்பதை, இக்கட்டுரையையும் அவன் தாய்க்கு வாசித்துக் காட்டிச் சொல்வானாக.