சூனேமியாளின் அறை



"புதிய வீடு கிடைக்கட்டும், அப்பொழுது அழகுபடுத்துவோம்" என்று தாராவிக் குடும்பங்கள் பல சொல்லக் கேட்கிறோம். தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி என்று 2024-இல் அறிவித்தார்கள். ஆனால் மறுசீரமைப்புத் திட்டம் பிறந்ததோ 2004-இல். அவ்வாண்டு பிறந்த பிள்ளைகள் இன்று வேலைக்குச் செல்லுகிறார்கள். அவர்கள் வளர்ந்தது பழைய அறையிலேதான்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் சூனேமியாள் எலிசாவுக்கு ஆயத்தம்பண்ணிய சிறிய அறையைப் பாருங்கள். கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. எல்லாம் வருகிறவருடைய இளைப்பாறுதலுக்கே, காட்சிக்கென்று ஒன்றுமில்லை.

நமது பத்துக்குப் பத்து அறையில் கட்டிலுக்கு இடமேது? பவானி ஜமுக்காளம் ஒன்று போதும். மாலையில் உச்சியிலுள்ள டியூப்லைட்டை அணைத்து, உட்கார்ந்தவர் தோளளவில் மஞ்சள் ஒளி தரும் பல்பு ஒன்றை ஏற்றுங்கள். சுவரின் ஈரக்கறை கண்ணில் படாது; முகங்கள் தெரியும். பெட்டிகளையும் பாத்திரங்களையும் ஒரே நிறத் திரையால் மறையுங்கள். கும்பார்வாடா மண்தொட்டியில் ஒரு செடி. வசனக் காலண்டர் ஒன்றிருக்கட்டும், ஐந்து வேண்டாம் (கொடுத்த போதகர்கள் வருந்தமாட்டோம்!). எல்லோரும் தொலைக்காட்சியையே நோக்கி அமராமல், ஒருவரையொருவர் பார்த்து அமர இடம்பண்ணுங்கள்.

மழைக்காலத்தில் ஜமுக்காளத்தைச் சுருட்டி உயரத்தில் வையுங்கள்; தரையின் ஈரம் அதைக் கெடுத்துவிடும்.