மூன்று பாட்டு, மூன்று சுரங்கம்

வேல்ஸின் ரிம்னி ஊரில் 1905இல் பிறந்த இட்ரிஸ் டேவிஸ், பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அங்கே ஒரு விரலை இழந்தார். 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலையும் போயிற்று, படித்து ஆசிரியரானார். 1938இல் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதையின் ஒரு பகுதியில் தென்வேல்ஸ் ஊர்களின் மணிகள் ஒன்றையொன்று கேள்வி கேட்கின்றன. கொள்ளை போன சுரங்கத் தொழிலாளியின் வாழ்க்கைக்கு யார் பொறுப்பு என்பதே அந்த மணிகளின் பேச்சு. டேவிஸ் 1953இல் இறந்தார்.

டிலன் தாமஸின் நூலொன்றில் அந்த வரிகளைக் கண்ட அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர், 1950களின் பிற்பகுதியில் அவற்றுக்கு மெட்டமைத்தார். சீகரிடமிருந்து அது பாடகி ஜூடி காலின்ஸிடம் போனது. 1963இல் அவருக்காக அந்தப் பாட்டை அமைத்துக் கொடுத்த இளைஞர் ரோஜர் மெக்வின். மறு வருடம் பீட்டில்ஸ் நடித்த படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பாக்கர் கிட்டாரைப் பார்த்தார் மெக்வின். அதே கிட்டாரைத் தானும் வாங்கினார். 1965இல் அவருடைய பைர்ட்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டில் ரிம்னியின் மணிகள் அந்தத் தந்திகளில் ஒலித்தன. அதைக் கேட்ட ஹாரிசன், அதன் தொடக்க இழையை வைத்தே தன் ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ பாட்டைக் கட்டினார். அதே வருட டிசம்பரில் ‘ரப்பர் சோல்’ தட்டில் அது வந்துவிட்டது. எங்கிருந்து எடுத்தேன் என்பதை பைர்ட்ஸின் விளம்பரப் பொறுப்பாளர் டெரெக் டெய்லர் வழியாக மெக்வினுக்கு அவரே சொல்லியனுப்பினார்.

ஹாரிசனின் கிட்டார் மெக்வினைச் செய்தது. மெக்வினின் விரல்கள் ஹாரிசனுக்கு ஒரு பாட்டைக் கொடுத்தன. இருவருக்கும் அடியில் விரல் இழந்த ஒரு சுரங்கத் தொழிலாளி. ராக் இசை தனிமேதைகளின் படைப்பு என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு பாட்டின் பயணத்தைப் பார்த்தால் போதும்.

எல்லாப் பயணமும் இவ்வளவு நேர்மையாக நடக்கவில்லை. ‘ஸ்கார்பரோ ஃபேர்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். வடஇங்கிலாந்தின் டீஸ்டேல் பகுதியில், ஈயச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த மார்க் ஆண்டர்சன் என்பவரிடமிருந்து 1947இல் பாடகர் யூவன் மெக்கால் பதிவு செய்த பாட்டு அது. மெக்காலும் பெக்கி சீகரும் 1960இல் தங்கள் தொகுப்பில் அச்சிட்டார்கள். லண்டன் பாடகர் மார்ட்டின் கார்த்தி அதற்குக் கிட்டாரில் புது நடை கொடுத்தார். 1962 கடைசியில் லண்டன் வந்த பாப் டிலன் கார்த்தியிடம் கேட்டுக் கற்று, வேறொரு காதல் பாட்டாக அதை மாற்றிக்கொண்டார். ‘லார்டு ஃபிராங்க்ளின்’ மெட்டையும் அவரிடமிருந்தே எடுத்துச் சென்றார். இவை இடம்பெற்ற டிலன் இசைத்தட்டின் உறைக் குறிப்பில் கார்த்தியின் பெயர் இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பால் சைமனும் லண்டனில் கார்த்தியிடம் இதே பாட்டைக் கற்றார். 1966இல் சைமனும் கார்ஃபங்கலும் அதைப் பதிவு செய்தபோது தட்டில் அவர்கள் இருவர் பெயர் மட்டுமே இருந்தது. மரபுப் பாடல் என்ற குறிப்புகூட இல்லை. ‘தி கிராஜுவேட்’ படம் அந்தப் பாட்டை உலகமெங்கும் கொண்டுபோனது. கார்த்தியின் மனத்தாங்கல் தீர 2000 ஆகவேண்டியிருந்தது. லண்டன் மேடையில் சைமன் அவரை அழைத்துச் சேர்ந்து பாடினார். நல்ல செயல்தான். ஆனால் மிகத் தாமதம்.

நாட்டுப்புறப் பாட்டு யாருடையதும் அல்ல, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எடுக்கலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஆசிரியர் இல்லாத பாட்டை இசைத்தட்டில் தன் பெயரில் பதிகிறவருக்கு ராயல்டி போகிறது. எடுக்கும்போது ஊர்ச் சொத்து, பதியும்போது தன் சொத்து என்பது எந்த ஊர் நியாயம்?

‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’ கதையில் இது இன்னும் கசப்பாக வெளிப்படுகிறது. நியூயார்க்கில் அந்தப் பாட்டுக்குத் தனி நடை அமைத்துப் பாடிவந்தவர் டேவ் வான் ராங்க். அதைத் தன் முதல் தட்டில் பதிவு செய்துவிட்டு அதன்பிறகே அவரிடம் அனுமதி கேட்டார் டிலன். தட்டு 1962இல் வந்ததும், டிலனைப் பார்த்துப் பாடுகிறார் என்று ஜனங்கள் சொல்ல, வான் ராங்க் அதைப் பாடுவதையே விட்டார். 1964இல் இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு மின்கிட்டாரும் ஆர்கனும் சேர்த்து அதை இரு நாடுகளிலும் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. இப்போது அனிமல்ஸைப் பார்த்துப் பாடுகிறார் என்ற பேச்சு டிலனைச் சுற்றியது; அவரும் விட்டார். அனிமல்ஸ் ஐந்து பேர். ‘அமைப்பு’ என்ற இடத்தில் ஆலன் பிரைஸ் பெயர் மட்டும் அச்சானதால் ராயல்டி அவருக்கே போனது.

இந்தச் சண்டையில் யாரும் பேசாத பெயர் ஜார்ஜியா டர்னர். கென்டக்கியின் மிடில்ஸ்பரோவில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். 1937இல், பதினாறு வயதில், ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்து வந்த ஆலன் லோமாக்ஸின் கருவிக்கு முன் இதைப் பாடினார். 1941இல் வெளிவந்த தொகுப்பில் லோமாக்ஸ் அவர் பெயரை அச்சிட்டார். வான் ராங்க் கற்ற வடிவமும் அந்தப் பெண்ணின் குரலிலிருந்தே வந்தது. பாட்டு உலகை வலம்வந்த பிறகும் அவர் எளிய வாழ்க்கையே வாழ்ந்து 1969இல் இறந்தார்.

டிலனையும் ஹாரிசனையும் சைமனையும் நாம் விரும்பிக் கேட்கிறோம், இனியும் கேட்போம். அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்ததால்தான் அந்தப் பத்தாண்டின் இசை அவ்வளவு வளமாக இருந்தது. எடுத்ததில் பிழையே இல்லை. பெயரைச் சொல்லாமல் விட்டது பிழை. இசை பற்றி எழுதுகிற நாங்களும் அந்தப் பிழையை வருடக்கணக்காகத் தொடர்ந்திருக்கிறோம்.

ஜார்ஜியா டர்னர் பாடிய 1937ஆம் ஆண்டுப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அனிமல்ஸைக் கேட்ட வாசகர்கள் அதையும் தேடிக் கேட்கவேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.