வளவில் ஓர் இலந்தை

மவ்த்து வீட்டில்தான் பலருக்கு இலந்தை இலையின் நினைவே வருகிறது. நபி (ஸல்) அவர்கள் தமது மகளின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய உம்மு அதிய்யா (ரழி) முதலான பெண்களிடம், தண்ணீரும் இலந்தையும் கொண்டு 3 அல்லது 5 முறை, தேவையெனில் கூடுதலாகவும் கழுவச் சொன்னார்கள். அரபு நாட்டு ‘ஸித்ரு’ம் நமது உலர்வலய இலந்தையும் நெருங்கிய உறவு மரங்களே.

நல்ல வெயில் விழும் மூலையில், கொட்டையின் ஓட்டைப் பக்குவமாக உடைத்து, உள்விதையை மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக ஓடும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. முள் உண்டு, பிள்ளைகள் ஓடித்திரியும் பக்கம் வேண்டாம். புதுக்கிளையில்தான் காய்க்கும், ஆகவே பழம் முடிந்ததும் கிளைகளை வெட்டிவிடுங்கள். (விறகுக்கும் ஆகும்!) பெரிய பழம் வேண்டுமாயின் ஒட்டுக்கன்றே நல்லது.

வெட்டிய கிளையின் இலைகளை நிழலில் உலர்த்தி, இடித்துப் போத்தலில் வையுங்கள். நடுநிசியில் அயலவர் வந்து கேட்டாலும் கொடுக்கலாம்.